வலது இடுப்பில் நான்கு விரல்

கடை
மார்ச் 4

அன்புள்ள ஊசிக்கு,

நான் நலம். என் மூக்குதான் நலமில்லை.

நேற்று காலை உன் மூட்டை வந்தது. வழக்கம்போல மேலே இருந்த கவுனின் பாக்கெட்டில் கைவிட்டு உன் கடிதத்தை எடுத்தேன். கடிதம் பழுப்பாகி, ஓரமெல்லாம் சுருண்டு, விரலில் பிசுபிசு என்று ஒட்டியது. கவுனை முகர்ந்து பார்த்தேன். ஊசிப்போன டீ. மூட்டை முழுக்க அந்த நாற்றம். இஸ்திரிக்காரர் பெட்டியை வைத்ததும் ஆவியோடு கிளம்பியது பார், அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரெண்டடி பின்னால் போய்விட்டார்.

"ஏம்மா, இது துணியா, டீ வடிகட்டியா?"

நான் என்ன பதில் சொல்ல? என் தங்கச்சி புதுத் துணியை டீயில் முக்கிப் பழசாக்குகிறாள் என்றா?

அதையாவது பொறுத்துக்கொண்டேன். அடுத்த கவுனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால், அக்குளில் மஞ்சளாக அரைவட்டம். வியர்வைக் கறை. புதுத் துணியில் எப்படிடி வியர்வை என்று நகத்தால் சுரண்டினேன். உதிர்ந்தது. பெயிண்ட்! ஊசி, உண்மையாகச் சொல்கிறேன், காலையில் குடித்தது தொண்டைவரை வந்துவிட்டது. ஒருத்தி உழைத்து வியர்த்த கறை என்றால் சகித்துக்கொள்ளலாம். யாருமே வியர்க்காத வியர்வையை எப்படிச் சகிப்பது?

போனில் சொல்லலாம்தான். போனில் நான் கத்துவேன், நீ "சிக்னல் இல்லக்கா" என்பாய். அதனால் எழுதுகிறேன். நீ அங்கே தைக்க வைத்து, ஜோடி சேர்த்து, படம் எடுத்து, அட்டை எழுதி அனுப்புகிறாய். நான் இங்கே விற்கிறேன். இத்தனை வருஷத்தில் உன் வேலையில் நான் தலையிட்டதில்லை. ஆனால் நம் கடைக்கு யார் வருகிறார்கள் என்று மறந்துவிட்டாயா? பேங்க் கிளார்க், நர்ஸ், ரெண்டு பிள்ளை பெற்றவள், பஸ்ஸில் போகிறவள். பழைய காலத்து வெட்டில் ஒரு கவுன் போட்டுக்கொள்ள ஆசை, ஆனால் அதைப் போட்டுக்கொண்டு பாத்திரமும் கழுவ வேண்டும். நான் யாருக்கும் கண்ணாடியைக் காட்டி "அழகா இருக்கீங்க" என்று சொல்வதில்லை. "கையைத் தூக்குங்க, பஸ் கம்பியைப் பிடிக்கிற மாதிரி. இப்ப உட்காருங்க. போனைப் பாக்கெட்ல போடுங்க" என்பேன். மூன்றும் சரியாக இருந்தால் அவளே வாங்கிக்கொள்வாள்.

ஜோடி விஷயத்திலும் அதேதான். உடம்பில் பழசு ஒன்று, மற்றதெல்லாம் இன்றையது. உருண்டைக் காலர் சட்டையா, கீழே ஜீன்ஸ். விரிந்த நீளப் பாவாடையா, மேலே சாதா வெள்ளை டி-ஷர்ட்டை உள்ளே செருகி, காலில் கேன்வாஸ் ஷூ. ரெண்டு பழசு போட்டால் மேடை ஏறப்போகிறவள் மாதிரி இருக்கும். இது நீ எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். இப்போது கறையையும் நாற்றத்தையும் சேர்த்து விற்கச் சொல்கிறாயே, உனக்கு என்ன ஆச்சு?

மூட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். மேலே இருக்கும் கவுனின் பாக்கெட்டில் இந்தக் கடிதம். படித்துவிட்டுக் கை கழுவு.

உன்
அக்கா


தையல்கூடம்
மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மூக்குக்கு என் பணிவான வணக்கம். அதற்குப் பயந்து இங்கே மெஷின்கள்கூட சத்தம் குறைத்து ஓடுகின்றன.

டீ விஷயம் ஒத்துக்கொள்கிறேன். சரியாக அலசவில்லை. பெயிண்ட் கொஞ்சம் ஓவர்தான். கத்திரி போடுகிற அண்ணன்கூட "வேணாம்மா, அக்கா கொன்னுடுவாங்க" என்றார். கேட்டிருக்கலாம்.

ஆனால் அக்கா, நீ கடைக்குள் நிற்கிறாய், உனக்கு வந்தவர்கள்தான் தெரியும். வராதவர்களை நான் பார்க்கிறேன். புதுக் கவுனை மடித்து வைத்துப் படம் போட்டால் ஒருத்தியும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதில் ஒரு சின்னக் கறை, ஒரு ஒட்டு, ஒரு கதை இருந்தால் "இது யாரோடது, யாரோடது" என்று வந்து விழுகிறார்கள். யாரோ ஒருத்தி வாழ்ந்துவிட்டுப் போன துணியைப் போட்டுக்கொள்ள எல்லோருக்கும் ஆசை. அந்த ஒருத்தியாக வாழத்தான் ஆசை இல்லை.

சரி, சண்டை போதும். நல்ல செய்தி இருக்கிறது. பெரிய கடையில் கொள்முதல் பார்க்கிற மேடம் ஒருத்தி போன வாரம் இங்கே வந்தாள். அலமாரி முழுக்கப் புரட்டினாள், முகத்தில் ஒன்றும் இல்லை. கடைசியில் நான் புதிதாகச் செய்த ஒன்றைக் காட்டினேன். அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். "நம்ம எல்லாக் கிளைக்கும் இது வேணும்" என்றாள். எல்லாக் கிளைக்கும், அக்கா! முதலில் நம் கடை ஜன்னலில் வைத்து எப்படிப் போகிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறாள். அறுபது உருப்படி இந்த மூட்டையில் வருகிறது.

முன்பக்கம் முழுக்கப் பித்தான், முக்கால் கை, வலது பக்கம் ஒரே ஒரு பாக்கெட். உன் மூன்று பரீட்சையிலும் பாஸ் ஆகும். பெயர் "கைத்தடம்". மேலே ஒரு கார்டிகன், பித்தான் போடாமல். கீழே தட்டைச் செருப்பு. பெல்ட் வேண்டாம்.

அட்டையில் இப்படி எழுதியிருக்கிறேன்: "கடலோர வீட்டில் வாழ்ந்த ஒரு பெண் மாலைக் காற்றில் நடக்கும்போது அணிந்த உடை. அவள் விரல் பட்ட இடம் இன்னும் இருக்கிறது."

வெட்டு எங்கே கிடைத்தது என்று கேட்காதே. பார்த்தால் உனக்கே தெரியும். தெரிந்தால் சந்தோஷப்படுவாய் என்று நினைக்கிறேன். இல்லை, நினைத்துக்கொள்கிறேன்.

பாசத்துடன்,
ஊசி


கடை
மார்ச் 13

ஊசி,

தெரிந்தது.

மூட்டையைப் பிரித்து முதல் கவுனை உதறினேன். முதலில் காலர்தான் கண்ணில் பட்டது. இடது நுனி வலதைவிட அரைவிரல் குட்டை. தையற்காரன் தப்பு என்று நினைத்து அடுத்ததை எடுத்தேன். அதிலும் குட்டை. அறுபதிலும் குட்டை. அம்மா தரையில் துணியை விரித்து, குழம்புக் கரண்டியை வைத்துப் பென்சிலால் கோடு போட்டு வெட்டிய காலர் அது. அவள் தப்பாக வெட்டியதை உன் கத்திரிக்காரர் அச்சு மாறாமல் வெட்டியிருக்கிறார்.

பிறகு கீழே பார்த்தேன்.

வலது இடுப்பில், பாக்கெட்டுக்குக் கொஞ்சம் கீழே, சாய்வாக நான்கு கோடு. இளம்பழுப்பு. அச்சுப் போட்டிருக்கிறாய். அந்த நேரம் பார்த்து நர்ஸ் பெண் கடைக்குள் இருந்தாள். "அட, நாணல் புல் மாதிரி இருக்கே, நல்லா இருக்குக்கா" என்றாள். நான் உள்ளே போய் வாளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நாணல் புல்லா அது? சொல்லு. மீன் டப்பாக் கம்பெனியில் ஏப்ரன் முன்பக்கத்தை மட்டும்தான் மறைக்கும். அவள் ஒரு நாளைக்கு எத்தனை மீனைக் கிழித்தாளோ அத்தனை முறையும் வலது கையை அந்த இடத்தில் துடைத்தாள். ரத்தம், குடல், எண்ணெய். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கறை. அதை எடுத்துக்கொண்டுபோய், "மாலைக் காற்றில் நடக்கும்போது"! எந்த மாலை? எந்தக் காற்று? ஷிப்ட் முடிந்து வந்தால் அவளுக்குக் காலை நீட்ட இடம் கிடைத்தால் போதும்.

வெட்கமில்லையா உனக்கு? பெத்தவள் கை துடைத்த இடத்தை அறுபது பேர் இடுப்பில் அச்சடித்து மாட்டப்போகிறாய். பெரிய கடை எடுத்தால் ஆயிரம் பேர். அவர்கள் அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு படம் எடுத்துப் போடுவார்கள். நீயும் சொல்லிக்கொடுப்பாய், கார்டிகன் போடு, பெல்ட் வேண்டாம் என்று.

டீயில் முக்கியதைச் சகித்திருப்பேன். பெயிண்ட் வியர்வையைச் சகித்திருப்பேன். இது அருவருப்பு. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

ஜன்னலில் ஒன்றும் வைக்க மாட்டேன். அறுபதையும் கட்டி மேலே போட்டுவிட்டேன். பெரிய கடைக்கு நீ கொடுத்தால், அதோடு நமக்குள் இருக்கும் வியாபாரம் முடிந்தது. நீ வேறு கடை பார்த்துக்கொள், நான் வேறு தையல்கூடம் பார்த்துக்கொள்கிறேன். அக்கா தங்கச்சி என்பதைப் பிறகு பார்ப்போம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அம்மாவின் கவுன் ஒன்றுகூட மிச்சமில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். உனக்கு எங்கே கிடைத்தது?

அக்கா


தையல்கூடம்
மார்ச் 17

அக்கா,

எங்கே கிடைத்தது என்று கேட்டாய். சொல்கிறேன். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்.

அம்மாவிடம் ஆறு கவுன் இருந்தது. எல்லாம் ஒரே வெட்டு. அவள் காய்ச்சலில் போய் மூன்றாவது வாரம் நீ ஐந்தை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் நடைபாதையில் விரித்தாய். அதுதான் உன் முதல் கடை. கைகளைக் குட்டையாக வெட்டியிருந்தாய், ஒன்றுக்குச் சரிகைப் பூ வைத்திருந்தாய், இடுப்புக் கறை மேலே அகலமாக ஒரு துணி பெல்ட் தைத்திருந்தாய். தொங்கவிட ஆணி இல்லை. அதனால் என்னைப் பெட்டிமேல் ஏற்றி நிறுத்தினாய். எனக்கு வயது பதினாலு. ஒவ்வொன்றாக எனக்கு மாட்டிவிட்டு, "திரும்பு... மெதுவா திரும்புடி, பின்னாடி பார்க்கட்டும்" என்றாய்.

ஒரு பெண் வந்தாள், கையில் குடை. நினைவு இருக்கிறதா?

"இது யாரோடது?"

"ஒரு தலைமை ஆசிரியையோடதும்மா. வெளிநாடு போயிட்டாங்க."

அவள் என் கழுத்துப் பக்கம் குனிந்து முகர்ந்தாள். "என்னமோ வாடை வருதே?"

நீ கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "கடலோர வீடும்மா அவங்களுக்கு. சாயங்காலம் காத்து வாங்கப் போறப்ப போடுறது. கடல் காத்து வாடைதான்."

இப்போது அட்டையை எடுத்து மறுபடி படி. அது நான் எழுதியது இல்லை அக்கா. நீ சொன்னது. இத்தனை வருஷம் என் காதில் இருந்தது, அப்படியே எழுதினேன். நீயாவது அதைக் கண்டுபிடிப்பாய் என்று நினைத்தேன். உனக்குக் காலர் தெரிந்தது, கறை தெரிந்தது, உன் சொந்த வாசகம் தெரியவில்லை.

ஐந்தும் அன்றைக்கே போய்விட்டது. நீ சந்தோஷமாக என் கன்னத்தைக் கிள்ளினாய். "பார்த்தியா, எதை வித்தாலும் அதுகூட ஒரு ஆளைச் சேர்த்து விக்கணும்" என்றாய். அன்றிலிருந்து எனக்கு அதுதான் தொழில்.

ஆறாவதை நான் என் பள்ளிக்கூடப் பைக்குள் திணித்து வைத்திருந்தேன். நாற்றம் எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் இடம் மாறிப் போனார்கள். நான் மாறவில்லை. ரொம்ப வருஷம் அது என் தலையணை உறைக்குள் இருந்தது.

அருவருப்பு என்று எழுதியிருக்கிறாய். அம்மாவை உடுத்திக்கொண்டு பெட்டிமேல் சுற்றியவள் நான். சுற்றச் சொன்னவள் நீ. இப்போது வாளியை எடுத்து யார் முன்னால் வைக்கலாம், சொல்.

ஊசி


கடை
மார்ச் 24

அன்புள்ள ஊசிக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். இத்தனை நாளாகப் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை.

நீ எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பெட்டி, குடைக்காரி, கடல் காற்று எல்லாம் நினைவுக்கு வந்தது. மறந்திருந்தேன் என்று சொன்னால் அதுவும் வியாபாரப் பேச்சு. மறக்கவில்லை. அடுக்கின் அடியில் வைத்து, மேலே வேறு துணிகளை அடுக்கிவிட்டேன், அவ்வளவுதான்.

அடுப்பு எரிய வேண்டும் என்று விற்றேன் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்கிறவர்களிடம் அப்படித்தான் சொல்வேன், "அம்மா துணியை வித்து ஆரம்பிச்ச கடை" என்று பெருமையாகக்கூட. ஆனால் வீட்டில் விற்பதற்கு வேறு பொருள் இருந்தது, ஊசி. சுவர்க் கடிகாரம் இருந்தது. தையல் மெஷின் இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு நான் முதலில் கவுன்களைத்தான் எடுத்தேன். ஏன் தெரியுமா? அவள் போன பிறகும் அறைக்குள் அந்த நாற்றம் நின்றது. கொடியில் ஆறு கவுன், ஆறும் நாறியது. எனக்குப் பொறுக்கவில்லை. அது வெளியே போனால் போதும் என்று இருந்தது.

இன்னும் சொல்கிறேன். நான் டைப்பிங் வகுப்பு முடிந்து வரும் பஸ்ஸில்தான் அவளும் ஷிப்ட் முடிந்து ஏறுவாள். அவள் ஏறினதும் ஜனம் விலகும். ஒருத்தன் கைக்குட்டையை மூக்கில் வைப்பான். நான் பின் சீட்டில் என் சிநேகிதியோடு உட்கார்ந்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். முதல் இரண்டு நாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். மூன்றாம் நாளிலிருந்து சிரிக்கவில்லை. முன் படிக்கட்டுப் பக்கமே நின்றுகொள்வாள். இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, "பஸ்ல கூட்டம், நீ இருந்ததையே பார்க்கலடி" என்பாள். நானும் "ஆமாம்மா" என்பேன். இப்படியே இரண்டு வருஷம். நீ சின்னவள், பள்ளிக்கூடம் விட்டு அவளோடு ஏறி, அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். உனக்கு எதுவும் தெரியாது என்று நினைத்தேன்.

அறுபது கவுனைப் பார்த்து எனக்கு ஏன் குமட்டியது என்று இத்தனை நாளும் யோசித்தேன். மேலே ஏறி மூட்டையை மறுபடி பிரித்தேன். ஒவ்வொன்றாக முகர்ந்தேன். புதுத் துணியும் பசையும் மணத்தது. அவ்வளவு சுத்தம். அம்மாவை எனக்குப் பிடித்த மாதிரி, நாற்றமில்லாமல் செய்து அனுப்பியிருக்கிறாய். பஸ் பின் சீட்டில் இருந்து நான் கேட்டது அந்த அம்மாவைத்தான். அதுதான் வயிற்றைப் புரட்டியது. உன்மேல் எழுதிய அந்த வார்த்தை என் முகவரிக்குப் போக வேண்டியது.

இதைச் சொல்லிவிட்டதால் நான் வியாபாரத்தை விட்டுவிடவில்லை. பெரிய கடை விஷயத்தில் என் பேச்சை இப்படி மாற்றுகிறேன். நீ கொடுக்க வேண்டுமானால் கொடு. நான் தடுக்க மாட்டேன், வேறு தையல்கூடமும் தேட மாட்டேன். ஆனால் அட்டையை மாற்று. இப்படி எழுது: "மீன் டப்பாக் கம்பெனியில் மீன் கழுவிய ஒருத்தி கை துடைத்த இடம் இது." அப்படி எழுதிக் கொள்முதல் மேடத்திடம் காட்டு. அதைப் படித்துவிட்டும் வாங்குகிறவள் இருந்தால் அவளுக்கு நானே என் கையால் பொட்டலம் கட்டித் தருவேன்.

அப்புறம், அந்த ஆறாவது கவுன். ஒரு நாளைக்கு மட்டும் அனுப்பு. பார்த்துவிட்டுத் தருகிறேன்.

உன்
அக்கா


தையல்கூடம்
மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

அட்டையை நீ சொன்ன மாதிரியே எழுதினேன். ஒரு எழுத்து மாற்றவில்லை. ஒரு கவுனில் கோத்து மேடத்திடம் கொண்டுபோனேன்.

அவள் படிக்கும்போது கவுன் அவள் இடது கைமேல் கிடந்தது. படித்து முடித்ததும் கையை மெதுவாகக் கீழே இழுத்துக்கொண்டாள். கவுன் மேஜைமேல் விழுந்தது.

"சும்மா விளையாட்டுக்குத்தானே எழுதினீங்க?"

"இல்ல மேடம். எங்க அம்மா."

"ஓ... சாரி. ஆனா இது... நம்ம கஸ்டமர்ஸுக்குப் புரியாது. அந்தக் கடலோர வீடு நல்லா இருந்துச்சே, அதையே வைக்கலாமே? கறையையும் லேசா ஒரு கிளை மாதிரி ஆக்கிட்டா போதும்."

பேசிக்கொண்டே மேஜையிலிருந்து ஈரத்தாளை எடுத்து விரல்களைத் துடைத்தாள். புதுத் துணி அக்கா அது! ஒரு மீனையும் பார்த்ததில்லை. துடைத்துவிட்டு மூக்கைச் சுளித்தாள், ஒரே ஒரு நொடி. அந்தச் சுளிப்பு எனக்குப் புதுசு இல்லை. அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்குத்தான் பின் சீட்டு நன்றாகத் தெரியும்.

"கிளையெல்லாம் வேணாம் மேடம்" என்று சொல்லிவிட்டுக் கவுனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதோடு அது முடிந்தது. வருத்தமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். எல்லாக் கிளைக்கும் என்றாளே.

அம்மாவின் கவுனைக் கேட்டிருக்கிறாய். எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். வெட்டு எடுக்க வேண்டுமானால் தையலைப் பிரிக்க வேண்டும், உனக்குத் தெரியாததா? முழுசாக வைத்து அளவு எடுத்தால் காலர் சரியாக வராது என்றார் கத்திரி அண்ணன். "பிரிக்கட்டுமாம்மா?" என்று இரண்டு முறை கேட்டார். எனக்கு அவசரம். பிரிங்க என்று சொல்லிவிட்டேன். அது இப்போது கவுன் இல்லை. ஏழு துண்டு. முன்பக்கம் இரண்டு, முதுகு ஒன்று, கை இரண்டு, காலர், பாக்கெட்.

மறுபடி தைக்க மெஷினில் உட்கார்ந்தேன். மிதிக்கக் கால் வரவில்லை.

உறையில் வைத்து அனுப்புகிறேன். துவைக்கவில்லை. பாக்கெட் தனியாகக் கிடப்பதால் கடிதத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கவுனின் ஒரு கைத் துணிக்குள் சுற்றி வைத்திருக்கிறேன்.

ஊசி


கடை
ஏப்ரல் 8

அன்புள்ள ஊசிக்கு,

தைத்துவிட்டேன்.

மதியம் கடையை இழுத்து மூடிவிட்டு உட்கார்ந்தேன். நூல் கோக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. நான் விற்கிறவள், உனக்குத் தெரியும், தைத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. கேவலமாகத்தான் தைத்திருக்கிறேன். இடது கை கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. காலரை மட்டும் சரிசெய்யவில்லை, அது குட்டையாகவே இருக்கிறது.

பாக்கெட்டைக் கடைசியாக வைத்திருந்தேன். அதன் அடி மூலையில், தையலுக்கு உள்ளே மடிந்த இடத்தில், விரலில் ஏதோ உறுத்தியது. நகத்தால் எடுத்தேன். செதில். உலர்ந்து கண்ணாடிச் சில்லு மாதிரி ஆகியிருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் விரல் ஈரம் பட்டதும் வாடை எழுந்தது. கம்பெனி வாசல், பஸ், கொடி, எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. குமட்டிக்கொண்டு வந்தது.

கையை எடுக்கவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, மூக்கைத் திருப்பிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தேன். செதிலை அந்த மூலையிலேயே வைத்துத் தைத்துவிட்டேன்.

மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். நான் அவள் அளவுக்கு வந்துவிட்டேன் போல, பித்தான் எல்லாம் சுலபமாகப் போட வந்தது. மேலே என் சாம்பல் கார்டிகன், காலில் கேன்வாஸ் ஷூ. பழசு ஒன்று, மற்றதெல்லாம் இன்றையது. பேங்க் கிளார்க் பெண் வந்தாள்.

"ஐயோ, சூப்பரா இருக்குக்கா! எங்க வாங்குனீங்க?"

"எங்க அம்மாவோடது. மீன் கம்பெனியில மீன் கழுவுனாங்க. இது கை துடைச்ச இடம்."

அவள் அரையடி பின்னால் போனாள். முகம் சட்டென்று மாறியது, பிறகு மரியாதைக்குச் சிரித்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. "பரவாயில்லம்மா, தள்ளியே நில்லுங்க, எனக்கே ரெண்டு வருஷம் பழக்கம் உண்டு" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் கொஞ்சம் சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

சாயங்காலம் பஸ்ஸில் ஏறினேன். பின் சீட்டில் இடம் இருந்தது. முன் படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டேன். வீடு வரைக்கும் நின்றேன்.

இனி வியாபாரம். அறுபது கவுனையும் கருநீலச் சாயத்தில் போடப்போகிறேன். அச்சு மறைந்துவிடும், வெட்டு நிற்கும். வெள்ளைச் சட்டையை உள்ளே போட்டுக் காலரை மட்டும் வெளியே எடுத்துவிட்டால் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகலாம். அட்டையில் நான் எழுதிவிட்டேன்: "புதியது. வெட்டு பழையது. இடது காலர் குட்டை, எங்கள் அம்மா வெட்டிய அளவு. பாக்கெட் உண்டு." இதற்கு மேல் ஒரு ஆளைச் சேர்த்து விற்க வேண்டாம். நான் உனக்குச் சொல்லிக்கொடுத்த அந்தத் தொழில் ரகசியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

சாயத்தொட்டிக்கு ஒரு ஆள் போதாது. ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வா. பழைய துணி போட்டுக்கொண்டு வராதே, இதைப் போட்டுக்கொண்டு வா. ஆமாம், கவுனை உனக்குத்தான் அனுப்புகிறேன். நீ ஒளித்து வைத்ததால் இருந்தது, உன்னுடையது. பதினாலு வயதில் பெட்டிமேல் நிறுத்தி உனக்கு மாட்டிவிட்டவள் நான்தான். "திரும்பு" என்று சொல்ல இப்போது யாரும் இல்லை. நீயே போட்டுக்கொண்டு, உனக்கு இஷ்டமான பக்கம் பார்த்து நட.

ஜோடி சொல்கிறேன், கேட்டுக்கொள்: ஜீன்ஸ் போட்டு, மேலே பித்தானைத் திறந்துவிட்டுச் சட்டை மாதிரி போடு. நீ ஒல்லி, உனக்கு அதுதான் எடுக்கும். கையை முழங்கைக்கு மேல் மடித்துவிடு, முறுக்கு தெரியாது. செண்ட் அடிக்காதே. துவைக்காதே. பஸ்ஸில் யாராவது மூக்கைப் பிடித்தால் அவன் பக்கத்திலேயே போய் உட்கார்.

கடிதம் அதன் பாக்கெட்டில் இருக்கிறது. கைவிட்டு எடுத்திருப்பாய். அடி மூலையில் ஏதோ உறுத்தும், பிய்த்துப் போட்டுவிடாதே.

உன்
அக்கா